மேடத்துக்கு வழக்கமானதுதானே?

முகப்பேர் மேற்கு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. குழந்தைக்குச் சளி இறங்கியதா? மாப்பிள்ளை அஸ்வினுக்குப் புது ஆபீஸ் தோதாக இருக்கிறதா?

கையில் செல்போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறார் என்று நினைப்பாய். உன்னோடு போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். வாட்ஸ்அப்பில் தட்டினால் நான் சொல்ல நினைக்காத வார்த்தையை அதுவே போட்டு அனுப்பிவிடுகிறது. விஷயமும் அப்படி அவசரமாகத் தட்டி அனுப்புகிற விஷயமில்லை. அதனால் கம்பெனியில் கிளார்க்கிடம் நாலு தாள் வாங்கி வந்தேன். அம்மா கறிகாய் வாங்கப் போயிருக்கிறாள். அதற்குள் எழுதவேண்டும்.

எங்கள் கல்யாண நாளுக்கு நீ புனேயில் இருந்தபடியே அந்த வியட்நாம் ஓட்டலில் மேசை பதிவு செய்து கொடுத்தாய் அல்லவா? மறுநாள் நீ கேட்டபோது சூப்பர் என்று சொன்னேன். சாப்பாட்டுக்கு அந்தப் பதில் பொருந்தும். மீதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஓட்டல் பெயரை அம்மாவிடம் காட்டினேன். அவள் உடனே, “வேற எங்கயாவது போலாமே” என்றாள். புது இடம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, பிள்ளை ஆசையாய்ச் செய்திருக்கிறாள், போகாவிட்டால் வருத்தப்படுவாள் என்று நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். கீழே டைல்ஸ் கடை, மேலே ஓட்டல். பெயர்ப்பலகையில் இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே ஒரு தொப்பி, கீழே ஒரு புள்ளி. எனக்கு வாசிக்க வரவில்லை. உள்ளே மூங்கில் விளக்கு, தொட்டிச் செடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சமைப்பது தெரிகிற அடுப்படி. பிரியாணி மாதிரி பட்டை, அன்னாசிப்பூ வாசனை வருகிறது, ஆனால் பிரியாணியைக் காணோம்.

மெனு கார்டு கேட்டேன். மேசையில் ஒட்டியிருக்கிற கட்டத்தைப் போனில் படம் பிடித்தால் அதில் வரும் என்றார்கள். நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், அம்மா போனைக் கையிலேயே எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அங்கே மேற்பார்வை பார்க்கிறவர் வந்தார். பெயர் டில்லிபாபு, ஆவடிக்காரர், என் தம்பி வயதிருக்கும். வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. “இன்னா மேடம், போன வாரம் ஆளையே காணோம்? உங்க டேபிள யாருக்கும் குடுக்காம வச்சிகினு காத்துகினு இருந்தேன்!” என்றார். பிறகுதான் எதிரே நான் இருப்பது தெரிந்தது. “சாரா? வணக்கம் சார்” என்று சொல்லிவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, “மேடத்துக்கு வழக்கமானதுதானே?” என்று கேட்டார்.

உன் அம்மா தலையை நிமிர்த்தினாள். “ஆமா டில்லி. சாருக்குக் கோழி சூப். காரம் தனியா குடுங்க” என்றாள்.

டில்லி! நம் மாடி வீட்டுக்காரரை இத்தனை வருடமாக ‘அந்த மேல் வீட்டு சார்’ என்று சொல்கிறவள் உன் அம்மா. 

அவளுக்கு வந்த தட்டில் அப்பளம் மாதிரி, ஆனால் கண்ணாடி போல அடுத்த பக்கம் தெரிகிற மெல்லிய அரிசித்தாள். ஒரு கிண்ணத்தில் வெந்நீர். ஒரு குவியல் பச்சைத் தழை, புதினா, கேரட், வேகவைத்த இறால். அவள் தாளை வெந்நீரில் முக்கி எடுத்துத் தட்டில் விரித்து, தழையும் இறாலும் அடுக்கி, இரண்டு பக்கமும் மடித்துச் சுருட்டினாள். கை தானாக ஓடியது. முதல் சுருளை என் தட்டில் வைத்து, வேர்க்கடலைச் சட்னி மாதிரி இருந்ததைக் காட்டி, “இதுல தொட்டுக்குங்க” என்றாள். என் சூப்பு இடியாப்பத்தைத் தெளிந்த கறிக்குழம்பில் போட்டமாதிரி இருந்தது. ருசிதான். ஆனால் நான் என்ன சாப்பிடுகிறேன் என்கிற கவனமே இல்லை. இரண்டு குச்சி கொடுத்தார்கள், எனக்கு வரவில்லை. அவள் அந்தக் குச்சியால் என் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டுக் கோழியை எடுத்துச் சாப்பிட்டாள் கவி!

அங்கே ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் ஏதோ குழந்தைக்குப் பிறந்தநாள், பாட்டு. வண்டியில் திரும்பும்போது சிக்னலில் நின்ற இடத்தில் கேட்டேன், அடிக்கடி வருவியா என்று. பின்னாலிருந்து, “சனிக்கிழமை” என்றாள். யார் கூட என்றேன். “யார் கூடவும் இல்ல.” பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.

உனக்கே தெரியும், அம்மா வேலை செய்கிற பள்ளிக்கூட ஆபீஸ் சனிக்கிழமை அரை நாள். எனக்குத் திருமழிசை கம்பெனியில் சனிக்கிழமையும் முழு நாள். சாயந்திரம் வந்து, மத்தியானம் எப்போது வந்தாய் என்று கேட்டால், லேட்டாகிவிட்டது, ஸ்டாஃப் மீட்டிங் என்பாள். நானும் என்ன பள்ளிக்கூடமோ, வாரா வாரம் மீட்டிங் போட்டு உயிரை எடுக்கிறார்கள் என்று திட்டியிருக்கிறேன். அவள் அதற்கும் ஆமாம் ஆமாம் என்பாள்.

எனக்கு இதை எழுதக் கை கூசுகிறது. நான் என்ன நினைத்தேன் என்று நீயே ஊகித்துக்கொள். என்னால் கம்பெனியில் நிற்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே அந்த ஓட்டலுக்குப் போனேன். டில்லிபாபு என்னைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். “சார், கஸ்டமர பத்தி வெளிய பேசற பழக்கம் நம்மகிட்ட கெடையாது. ஆனா உங்க மூஞ்சப் பாத்தா பாவமா கீது. மேடம் தனியாத்தான் வருவாங்கோ. ஜன்னல்கிட்ட குந்துவாங்கோ. சாப்டுவாங்கோ. அப்பால ஒரு காபி. கப்பு மேல வச்ச பில்டர்லேந்து அது சொட்டு சொட்டா எறங்கற வரிக்கும் ரோட்டப் பாத்துகினு இருப்பாங்கோ. போயிடுவாங்கோ. அவ்ளோதான் சார்” என்றார்.

போன் பேசுவாளா என்றேன். இல்லையாம். அழுவாளா என்றேன். “அய்ய, அதெல்லாம் இல்ல சார். நல்லாத்தான் கீறாங்கோ” என்றார்.

படி இறங்கும்போது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வீட்டுக்கு வருவதற்குள் வேறு ஒன்று ஏறிக்கொண்டது. யாராவது ஒருவர் இருந்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது தெரிந்திருக்கும். யாருமே இல்லை என்றால் நான் யார்மேல் என்ன படுவது? வீட்டில் சோறு இருக்கிறது, குழம்பு இருக்கிறது, டிவி இருக்கிறது, நான் இருக்கிறேன். ஒரு பொம்பளை பொய் சொல்லிவிட்டுப் போய்த் தனியாக உட்கார்ந்து தழையைச் சுருட்டித் தின்றுவிட்டு வருகிறாள் என்றால் அதற்கு என்ன பெயர்?

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பால்ராஜிடம், ஒரு சொந்தக்காரர் வீட்டில் நடந்தது என்று சொல்லிப் பார்த்தேன். “மாமே, சொந்தக்காரர்னு சொல்லிகினு உன் ஊட்டுக் கதையத்தான சொல்ற?” என்று கேட்டுவிட்டான். பூந்தமல்லி வருகிறவரை தூங்குகிறமாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

உனக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்துதான் அந்த ஓட்டலைப் பதிவு செய்தாயா? பொம்பளைப் பிள்ளைகள் அம்மாக்களோடு எதை எதையோ பேசிக்கொள்வீர்கள். தெரிந்தால் எனக்கு மட்டும் எழுது. அம்மாவிடம் கேட்காதே. கேட் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன். குழந்தைக்கு முத்தம்.

உன் அப்பா,
தேவராஜ்.


முகப்பேர் மேற்கு,
திங்கட்கிழமை.

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்ததும் கம்பெனி நேரத்தில் போன் செய்தாய். உனக்குத் தெரியாது என்றாய், இன்டர்நெட்டில் நல்ல ஓட்டல் என்று போட்டிருந்தது, அதனால் பதிவு செய்தேன் என்றாய். நம்புகிறேன். பிறகு சிரித்தாய். “அப்பா, அம்மா சாப்பிடத்தானே போனாங்க? நானும்தான் குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ் பக்கத்துல தனியா போய் உக்காருவேன். இது ஒரு பிரச்சினையா?” என்றாய். உன் காலம் வேறு என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு யோசித்தேன், உன் காலத்தில்தானே அம்மாவும் இருக்கிறாள்!

பால்ராஜ் கதையைக் கேள். நான் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு அவன் போய்த் தன் மனைவியிடம், நீ எங்கேயாவது தனியாகப் போய்ச் சாப்பிடுவாயா என்று கேட்டிருக்கிறான். “எங்கயும் போறதில்லயாம் மாமே. ஆனா அதக் கேட்டதுக்கே பேச்ச நிறுத்திட்டா. இன்னா தப்பு பண்ணேன்னே தெர்ல” என்கிறான். இப்போது பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

புதன்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். போனது போகட்டும், மீட்டிங் என்று ஏன் சொன்னாய்? அவள் கோபப்படவில்லை. என் சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். “ஓட்டலுக்குப் போறேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. ஏன்னு எனக்கே தெரியாதுங்க. மீட்டிங்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க.”

சரி, அந்த வியட்நாம் சாப்பாட்டில் அப்படி என்ன இருக்கிறது, நம் ஊர் ஓட்டலில் இல்லாதது என்றேன். அதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் என் தலைக்குள் சுற்றுகிறது. “நம்ம ஓட்டல்ல இட்லி வச்சா மாவு புளிச்சிருக்கான்னு பாப்பேன். சாம்பார்ல பருப்பு வெந்திருக்கான்னு பாப்பேன். நம்ம வீட்ல செஞ்சா எப்படி வரும்னு மனசு ஓடும். அந்த ஊர் சாப்பாட்ட நான் செஞ்சதே இல்ல, செய்யவும் போறதில்ல. உப்பு சரியா தப்பான்னுகூட எனக்குத் தெரியாது. அதனால சாப்ட மட்டும் செய்யறேன்.”

நான் இருபத்தெட்டு வருடமாக இன்ஸ்பெக்ஷன் டிபார்ட்மெண்டில் இருப்பவன். எந்தப் பொருளை எடுத்தாலும் சரியா தப்பா என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரியும். இதை எதை வைத்து அளப்பது?

சனிக்கிழமை கம்பெனி இருக்கிற தொழிற்பேட்டையில் கரண்ட் வேலை, லீவு விட்டுவிட்டார்கள். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புடவை மாற்றிக்கொண்டவள், “நான் ஓட்டலுக்குப் போறேன்” என்று வெளிப்படையாகவே சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் வரட்டுமா என்று கேட்டேன். தலை வாரிக்கொண்டிருந்த சீப்பு பாதியில் நின்றது. பிறகு, “வாங்களேன்” என்றாள்.

அந்த ‘வாங்களேன்’ எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. இல்லை, எனக்கு வேலை இருக்கிறது, நீ போய்வா என்று சொல்லிவிட்டேன். அவள் கிளம்பிப் போன பிறகுதான் நினைவு வந்தது. போன மாதம் நீ போனில், உனக்கு லீவு முடியப்போகிறது, குழந்தையைக் காப்பகத்தில் விட மனம் வரவில்லை, அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து இங்கேயே இருக்கட்டும் என்றாயே, அப்போது அம்மா ஸ்பீக்கரில் சொன்ன “சரிடா கண்ணு” இதே குரல்தான்.

வீட்டில் இருக்க முடியாமல் நானும் கிளம்பினேன். ஓட்டலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் உன் அம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஊதா நிறப் புடவை. முகம் எப்படி இருந்தது என்று எழுதலாம் என்று பார்க்கிறேன், வார்த்தை வரவில்லை. சிரிப்பு இல்லை. சோகமும் இல்லை. வேலை செய்யாத முகம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சிகரெட் பிடிக்கக் கீழே வந்த டில்லிபாபு என்னைப் பார்த்துவிட்டார். ரோட்டைத் தாண்டி வந்து, “வெயில்ல இன்னா சார் நின்னுகினு? மேல வாங்கோ” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். கதவருகே நின்று குரலைத் தாழ்த்தி, “மேடம் டேபிளா, தனி டேபிளா சார்?” என்று கேட்டார்.

கவி, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அம்மாவின் மேசைப் பக்கம் பார்த்தேன். பிறகு தனி என்றேன்.

அடுப்படிப் பக்கம் ஒரு சின்ன மேசையில் உட்காரவைத்தார். அம்மாவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் எதுவும் கேட்காமலேயே கோழி சூப் வந்தது. “மேடம் சொன்னாங்கோ. காரம் தனியா” என்று வைத்தார் டில்லிபாபு. ஜன்னல் கண்ணாடியில் நான் தெரிந்திருக்கிறேன் போல. அவள் திரும்பவில்லை. நானும் போகவில்லை.

சாப்பிட்டேன். முதலில் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. யாரும் பார்க்கவில்லை. போனை எடுக்கலாமா என்று தோன்றியது, எடுக்கவில்லை. குச்சியை விட்டுவிட்டு ஸ்பூனால் சாப்பிட்டேன். எனக்கும் அதில் உப்பு சரியா என்று தெரியவில்லை. பாதிக் கிண்ணத்துக்கு மேல் வேறு எதையும் நினைக்கவில்லை என்பது கிண்ணம் காலியான பிறகுதான் தெரிந்தது.

அம்மா எழுந்து போகும்போது என் மேசை அருகே நின்று, “நான் கெளம்பறேன். நீங்க மெதுவா சாப்ட்டு வாங்க” என்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வீட்டில், அங்கே உட்கார்ந்து என்ன யோசித்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் யோசிக்கவில்லை என்றேன். “அவ்ளோதாங்க” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு, நான் வந்தது பிடித்தது என்று அர்த்தமா, இனி வராதே என்று அர்த்தமா? இரண்டு நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

நேற்று அவள் பரணில் இருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். புனேவுக்கு. மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடப் போகிறாளாம். உனக்குச் சம்மதம்தானே என்றேன். “புள்ள கஷ்டப்படறா இல்ல” என்றாள். நான் கேட்டது அது இல்லையே என்றேன். “போய்த்தானே ஆகணும்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் உள்பக்கத்தைத் துடைத்தாள்.

உன்னை நான் குறை சொல்லவில்லை. நீயும் என்ன செய்வாய்? கைக்குழந்தையோடு வேலைக்குப் போகிற கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அம்மாவுக்கும் பேத்தி என்றால் உயிர். வந்தால் ஒரு குறையும் வைக்கமாட்டாள், தனக்கென்று ஒரு சனிக்கிழமை மத்தியானமும் கேட்கமாட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு மார்ச்சில் ஓய்வு. இன்னும் இரண்டு வருடம் இருங்கள் என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பதில் நான் வருகிறேன். சிரிக்காதே. பால் கலக்கத் தெரியாது, டயப்பர் கட்டத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன். என்னை நம்பிக் குழந்தையை விடமுடியாது என்று மாப்பிள்ளை நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் கொஞ்ச நாள் அவள், கொஞ்ச நாள் நான். அதுவரைக்கும் நீங்கள் எப்படியாவது சமாளிக்க வேண்டும். இதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாளா, பேத்தியிடமிருந்து தன்னைப் பிரிக்கிறேன் என்று நினைப்பாளா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட் போடுவதற்கு முன் அம்மாவிடம் இன்னொரு தடவை கேள். வர்றியாம்மா என்று கேட்காதே, அதற்கு அவள் வர்றேன் என்றுதான் சொல்லுவாள். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ அவள் மகள், உனக்குத் தெரியும். கேட்டுவிட்டுப் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சும்மா இரு. அவள் பதில் சொல்ல நேரமாகும். பேசவில்லையே என்று வைத்துவிடாதே.

குழந்தை தூங்கும்போது நீயும் நேரத்துக்குச் சாப்பிடு அம்மா. அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடாதே. தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சூடாக, உனக்குப் பிடித்ததைச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நன்றாக இருக்கவேண்டும்.

என்றும் உன் அப்பா,
தேவராஜ்.